மாப்பிள்ளை திரும்புவதற்குள்

"கதவைத் திறந்தா அது நிக்கணும் சார். நிக்க மாட்டேங்குது. நான் என்ன பொய்யா—"

"நிக்கும்மா. திறந்தா நிக்கும்னு தெளிவா எழுதி—"

"எழுதியிருப்பீங்க சார், அது படிச்சுச்சா?"

"—கையேட்டுல எண்பத்தேழாம் பக்கத்துல எழுதி, மூணு பேர் கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தியிருக்கு. நீங்க ஒருத்தர் சொல்றதை நம்பணுமா, மூணு கையெழுத்தை நம்பணுமா?"

"யாரையும் நம்ப வேணாம். இதோ திறக்கிறேன், கண்ணால பாருங்க."

"கண்ணால பாக்கறது என் வேலை இல்லம்மா. அதுக்கு வெளியிலேருந்து ஆய்வாளர் வருவார். வருஷத்துக்கு ஒரு தடவை."

மஞ்சள் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் பெட்டியக்காவும் பாதுகாப்பு அதிகாரியும் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் இருந்தவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குனிந்தார், ஒரு பெட்டியைத் தூக்கினார், அரை வட்டம் திரும்பினார், மரப்பலகை மேல் அடுக்கினார், திரும்பி வந்தார். அவருக்குக் காது கிடையாது. ஒரு தோள், ஒரு முழங்கை, ஒரு மணிக்கட்டு, அதன் நுனியில் பெட்டியைக் கவ்வ நாலு ரப்பர் வாய். ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு நீளமுள்ள இரும்புக் கை. அவ்வளவுதான் அவர்.

மாப்பிள்ளை என்று அவருக்குப் பேர் வைத்தது பெட்டியக்காதான். பதினெட்டு வருஷம் கையால் பெட்டி அடுக்கியவள். சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. மாப்பிள்ளை தனி லாரியில் வந்து இறங்கிய நாளில் மேலாளர்கள் வாசலில் வரிசையாக நின்றார்கள். தொடாதே, கிட்டே போகாதே, முகம் கோணாமல் பார்த்துக்கொள் என்று ஆயிரம் புத்தி சொன்னார்கள். செய்கிற வேலையோ ஒன்றே ஒன்று. அதற்கும் பக்கத்தில் ஒருத்தி நின்று எல்லாவற்றையும் நேராக எடுத்து வைக்க வேண்டும். "எந்திரம்னு சொல்லி ஏமாத்தறாங்கடி. இது மாப்பிள்ளை," என்றாள் அக்கா. பேர் ஒட்டிக்கொண்டது.

நேராக எடுத்து வைக்கும் அந்த வேலையில்தான் வினை. ஓடுகிற பட்டையில் பெட்டிகள் வரும். ஒரு ஷிப்டுக்கு ஆறு ஏழு பெட்டி கோணலாக வரும். கோணல் பெட்டியை மாப்பிள்ளை எடுக்க மாட்டார். காற்றைக் கவ்விக்கொண்டு போய் மரியாதையாகக் காற்றை அடுக்கிவிட்டு வருவார். யாராவது வேலிக் கதவைத் திறந்து உள்ளே போய்ப் பெட்டியைத் தட்டி நேராக்க வேண்டும். கதவு திறந்தால் மாப்பிள்ளை அசையாமல் நிற்க வேண்டும். அதற்காகக் கதவின் விளிம்பில் கட்டைவிரல் அளவில் ஒரு ஸ்விட்ச் இருந்தது. அது தேய்ந்து மூன்று மாதம் ஆகிறது.

"அரை மணி நேர வேலைதான்க்கா," என்றார் எலக்ட்ரீசியன். எல்லோருக்கும் அவர் கரண்ட் அண்ணன். "ஸ்டோர்ல புது ஸ்விட்ச் ஒரு டஜன் தூங்குது. நான் ஒண்ணை எடுத்துப் பையிலயே வச்சிருக்கேன். ஆனா கதவுல கமிட்டி சீல் வச்சிருக்கு. சீலைத் தொட்டா வேலை போயிடும்."

"சிவப்புப் பொத்தானை அமுக்கிட்டுப் போனா?"

"அதைத்தான் தெரியாம யாரும் அமுக்கிடக் கூடாதுன்னு கண்ணாடி மூடி போட்டுப் பூட்டிட்டாங்களே. சாவி கமிட்டித் தலைவர் ரூம்ல."

ஆக, பெண்கள் தங்களுக்குள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். மாப்பிள்ளை பெட்டியைக் கவ்வி முதுகைக் காட்டித் திரும்பும் நொடியில் எண்ணத் தொடங்குவார்கள். பதினொன்றில் அவர் பழைய இடத்துக்கு வந்துவிடுவார். அதற்குள் உள்ளே புகுந்து, பெட்டிக்கு ஒரு தட்டு, ஓடி வெளியே. பெட்டியக்கா எட்டிலேயே வந்துவிடுவாள். மிச்சம் மூன்றும் உயிர் மேல் உள்ள ஆசைக்கு.

அவள் விடாமல் நச்சரித்ததில், இடர் மதிப்பீட்டுக் குழு அவளை மேல்மாடிக்கு அழைத்தது.

குழு அறையில் ஒன்பது நாற்காலி, ஒரு பிஸ்கட் தட்டு, பூட்டிய அலமாரி. அலமாரிக்குள் கையேடு. அதன் எடை ஒருவர் தூக்கத்தக்கதல்ல என்று குழுவே மதிப்பிட்டிருந்ததால், கையுறை போட்ட இருவர் சேர்ந்துதான் அதை எடுக்க வேண்டும். இரண்டாம் ஜோடிக் கையுறை இன்னும் வரவில்லை. அதனால் கையேட்டை யாரும் பார்த்து நாளாயிற்று.

"எங்க குழு எந்த ஆபத்தையும் அலட்சியப்படுத்தாது," என்றார் தலைவர். நல்ல மனிதர், குரல் வெண்ணெய். "ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண் கொடுத்துடுவோம். சொல்லுங்கம்மா, அடி பட்டா எவ்வளவு பெரிய அடி?"

"செத்துடுவோம் சார்."

"அஞ்சு." அதிகாரி எழுதிக்கொண்டார். "இதுவரைக்கும் எத்தனை பேர்?"

"யாரும் இல்ல சார்."

"ஒண்ணு."

"இல்ல சார், ஒருத்தரும் இல்ல."

"ஒருத்தரும் இல்லன்னா ஒண்ணுதான் போடணும். பூஜ்யம் போட்டா ஆபத்தே இல்லன்னு ஆயிடும். அது அலட்சியம் இல்லையா? அஞ்சு பெருக்கல் ஒண்ணு, அஞ்சு. பச்சை."

"பச்சைன்னா சார்?"

"மனசுல வச்சுக்குவோம். பத்து வந்தா மஞ்சள், கவலைப்படுவோம். பதினஞ்சு வந்தா சிவப்பு. சிவப்பு வந்தா உடனே ஸ்விட்ச் மாத்திடுவோம், ஒரு நிமிஷம் தாமதிக்க மாட்டோம்."

பெட்டியக்கா விரலை மடக்கிப் பார்த்தாள். "பதினஞ்சு எப்ப சார் வரும்?"

"ஒருத்தர் போயிட்டா அந்த ஒண்ணு ரெண்டாகும். அஞ்சு ரெண்டு பத்து."

"அப்ப ரெண்டு பேர் போகணும்."

"அப்படியெல்லாம் பேசக் கூடாதும்மா." தலைவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "யாருக்கும் எதுவும் ஆகக் கூடாதுங்கறதுதான் இந்தக் குழுவோட ஒரே நோக்கம். அதனாலதான் சிவப்பு வந்துடாம ராப்பகலா பாத்துக்கறோம். சரி, இவ்வளவு நாளா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே, எப்படி?"

அங்கேதான் பெட்டியக்கா வாயை விட்டாள். "எண்ணுவோம் சார்," என்றாள்.

ஒன்பது பேரும் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்கள். அவள் சொல்லச் சொல்ல அதிகாரியின் பேனா பறந்தது. "சார், இது கட்டுப்பாட்டு நடவடிக்கை சார்! நம்மகிட்ட ஒரு கட்டுப்பாட்டு நடவடிக்கை இருந்திருக்கு, நமக்கே தெரியாம!" அப்படி ஒரு நடவடிக்கை இருந்தால் இரண்டைக் கழித்துக்கொள்ளலாம் என்பது விதி. ஐந்து மூன்றானது. பச்சை கரும்பச்சையானது. ஸ்விட்ச் கேட்டு மாடி ஏறியவள் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

அடுத்த வாரம் வேலிக்குள் தரையில் மஞ்சள் பெயிண்டில் காலடிகள் வரைந்தார்கள். உள்ளே போக ஐந்து, பெட்டி முன் நிற்க ஒன்று, வெளியே வர ஐந்து. ஆக மொத்தம் பதினொன்று. ஒரு காலடிக்கு ஒரு எண், ஒரு எண்ணுக்கு ஒரு நொடி. ஓடக் கூடாது, வழுக்கும். காலடியைத் தாண்டக் கூடாது, இடறும். மனசுக்குள் எண்ணக் கூடாது. எண்ணினதற்கு ஆதாரம் இருக்காது. உள்ளே போகிறவர் நடக்க, வெளியே ஒருத்தர் நின்று உரக்க எண்ண வேண்டும். கீழே பதிவேட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும்.

"நான் எட்டுல வெளிய வந்துடுவேனே சார், எதுக்குப் பதினொண்ணு வரைக்கும் உள்ள நிக்கணும்?"

"அக்கா, நீங்கதானே பதினொண்ணுன்னு சொன்னீங்க? குழு உங்க வார்த்தையை அப்படியே மதிச்சு ஏத்துக்கிட்டிருக்கு," என்றார் அதிகாரி.

தொடக்க விழா நடந்தது. தலைவர் ரிப்பன் வெட்டினார். "எந்திரத்துக்கு நாம் பயப்படத் தேவையில்லை. எண்ணத் தெரிந்தவனை எந்த எந்திரமும் தொடாது. என் வீட்டுப் பிள்ளையைக்கூட நான் நம்பி உள்ளே அனுப்புவேன். ஏன், நானே போவேன்!" என்று பேசி, போகவும் செய்தார். பதினொரு காலடியிலும் பாதம் பொருந்த நடந்து வெளியே வந்தார். பாதுகாப்பு கருதி அன்று முழுக்க மாப்பிள்ளையை நிறுத்தி வைத்திருந்தார்கள். எண்ணி நடப்பதற்கான சான்றிதழ் எண் ஒன்று தலைவருக்கே வழங்கப்பட்டது. வாங்கும் படம் வேலிக்குப் பக்கத்துச் சுவரிலேயே மாட்டப்பட்டது.

பெட்டியக்காவுக்கு முப்பத்திரண்டாம் எண். அவளுடைய நாத்தனாருக்கு முப்பத்து மூன்று. நாத்தனார் அதே ஷிப்டில் சேர்ந்து பத்து மாதம்தான் ஆகிறது. இன்னும் இரண்டு மாதத்தில் வேலை நிரந்தரம் ஆக வேண்டும். சான்றிதழைக் கண்ணாடி போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினாள்.

கொஞ்ச நாள் வண்டி ஓடியது. பிறகு உற்பத்திப் பிரிவிலிருந்து ஓர் ஆணை வந்தது. மாப்பிள்ளை மெதுவாக இருக்கிறார், வேகத்தைக் கூட்டுக. ஆணையின் கீழே குழுத் தலைவரின் கையெழுத்து; பக்கத்து அறை நாற்காலியில் உட்காரும்போது உற்பத்திக்கும் அவர்தான் தலைவர். கரண்ட் அண்ணன் ஒரு குமிழைத் திருகினார். மாப்பிள்ளைக்குத் திடீரென்று முறுக்கு ஏறியது. எட்டிலேயே பழைய இடத்துக்கு வர ஆரம்பித்தார்.

பெட்டியக்கா வேலியோரம் நின்று தரையைப் பார்த்தாள். எட்டாவது காலடி, வெளியே வரும் வழியில், அந்த நாலு ரப்பர் வாய்க்கும் நேர் கீழே இருந்தது.

"சார், எட்டுல வந்துடறார்."

"பதினொண்ணுதான் ஒப்புதல் ஆன எண்."

"அவர்கிட்ட ஒப்புதல் வாங்கினீங்களா?"

"கிண்டல் பண்ணாதீங்கக்கா. எண்ணை மாத்தணும்னா மாற்ற விண்ணப்பம் போடுங்க. அந்த மாற்றத்தால என்ன ஆபத்துன்னு குழு மதிப்பீடு பண்ணும். ஆறு மாசத்துல பதில் வந்துடும்."

"ஆறு மாசம் வரைக்கும்?"

"பழைய முறைதான் செல்லும். ஒப்புதல் இல்லாத முறையில உள்ள போறதுதானே பெரிய ஆபத்து!"

"வேகத்தைக் கூட்டினப்ப மதிப்பீடு பண்ணலையா?"

"பண்ணினோமே. எந்திரத்துக்கு ஆபத்து இல்லன்னு வந்துச்சு."

அன்று மதியம் பெட்டியக்கா உள்ளே போய் ஆறில் ஓடி வந்தாள். சாயங்காலம் மெமோ வந்தது. 'ஒதுக்கப்பட்ட பதினொரு எண்களில் ஐந்தைப் பயன்படுத்தாமல் வீணாக்கியது, மேலும் ஓடியது' குறித்து விளக்கம் கேட்டிருந்தார்கள். மெமோ வாங்கினவரின் சான்றிதழ் செல்லாது. அடுத்த வருஷத் தொடக்கத்தில் மறுபயிற்சி முடியும்வரை வேலிக்குள் கால் வைக்கக் கூடாது. எண்ணலாம், நடக்கக் கூடாது.

இனி அந்த ஷிப்டில் நடக்கப் போவது நாத்தனார்.

"ஆறுல ஓடி வந்துடு," என்றாள் பெட்டியக்கா, வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே.

"மெமோ கொடுப்பாங்க அண்ணி."

"கொடுத்தா வாங்கிக்க. காகிதம்தானே, கனமா இருக்குமா?"

"உங்களுக்குக் காகிதம். எனக்கு இன்னும் ரெண்டு மாசம் பாக்கி. ஒரு மெமோ வந்தாலும் நிரந்தரம் கிடையாதுன்னு போன வாரமே ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

"நிரந்தரமாப் போயிடாம இருந்தாத்தானேடி நிரந்தரம் ஆகறதுக்கு!"

"அவ்வளவு படிச்சவங்க ஒம்பது பேர் உக்காந்து தப்பாவா எழுதுவாங்க?"

பெட்டியக்கா ஈரக் கையோடு திரும்பி அவளைப் பார்த்தாள். இருபத்து மூன்று வயது. கூந்தலை இறுக்கிக் கட்டி, நாளைக்குப் போட வேண்டிய தொப்பியை இன்றைக்கே தேய்த்து வைத்திருந்தாள்.

மறுநாள் காலை மூன்றாவது பெட்டியே கோணலாக வந்தது. நாத்தனார் உள்ளே போனாள். வெளியே பெட்டியக்கா எண்ணினாள். விதிப்படி உரக்க, ஒரு நொடிக்கு ஒன்று. நாத்தனார் பாதம் பிசகாமல் நடந்தாள். ஆறில் பெட்டியைத் தட்டினாள். ஏழில் திரும்பினாள்.

எட்டு என்று சொல்ல வேண்டிய இடத்தில், "குனிடீ!" என்று கத்தினாள் பெட்டியக்கா.

நாத்தனார் குனிந்தாள். மாப்பிள்ளை அவள் தலையிலிருந்த தொப்பியைப் பூப்போலக் கவ்வி எடுத்து, அரை வட்டம் திரும்பி, அடுக்கில் மூலை பார்த்து வைத்தார். அடுத்த நடையில் அதன் மேல் ஒரு பெட்டியையும் வைத்தார். தொப்பி அப்படியே பிளாஸ்டிக் சுற்றி லாரி ஏறிப் போய்விட்டது.

குழு அவசரமாகக் கூடியது.

"தலை இருக்கா?" என்றார் தலைவர்.

"இருக்கு சார்," என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டு ஒரு தடவை தொட்டும் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப விபத்து இல்ல. நல்ல செய்தி. எழுதிக்குங்க, நம்ம முறை வேலை செய்யுது."

"தொப்பி போயிடுச்சே சார்," என்றார் அதிகாரி.

"தொப்பி பாதுகாப்புச் சாதனமாச்சே. வேலை நேரத்துல பாதுகாப்புச் சாதனம் இல்லாம இருந்திருக்கீங்க, எவ்வளவு நேரம்மா?"

"அவர் எடுத்துட்டுப் போனதுக்கு அப்புறம்தான் சார்."

"அப்ப இல்லாம இருந்தது உண்மை." தலைவர் பெட்டியக்கா பக்கம் திரும்பினார். "நீங்க எட்டாவது எண்ணுக்குப் பதிலா வேற ஏதோ சொன்னதாப் பதிவேட்டுல இருக்கு. குனின்னு. அது என்ன எண்?"

பெட்டியக்காவுக்கு இரண்டாவது மெமோ வந்தது. நாத்தனாருக்கு முதலாவது. அவள் நிரந்தரம் ஆவது பற்றிய கோப்பு, வெளி ஆய்வு முடியும்வரை நிறுத்தி வைக்கப்பட்டது. வீட்டுக் கூடத்தில் இருந்த கண்ணாடிச் சட்டத்தை அவள் கழற்றவில்லை, சுவர்ப் பக்கமாகத் திருப்பி மட்டும் வைத்தாள்.

மற்ற ஷிப்டுகளிலும் இதே கதைதான். ஒருத்தி ஐந்தில் வந்தாள், ஒருத்தி காலடியைத் தாண்டிக் குதித்தாள், ஒருத்தி எண்ணாமலே போய் வந்து, எண்ணாததால் பிடிபட்டாள். மாதம் முடிவதற்குள் செல்லுபடியாகும் சான்றிதழோடு ஒரு பெண்கூட மிஞ்சவில்லை. இருந்தும் பெட்டிகள் நேராகிக்கொண்டேதான் இருந்தன. எப்படி நேராகின்றன என்று மேல்மாடியில் யாரும் கேட்கவில்லை.

வெளி ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர், கக்கத்தில் ஒரு அட்டை, அட்டையில் கட்டம் கட்டமாக ஒரு தாள். இரண்டாம் ஜோடிக் கையுறையும் அன்றைக்கு வந்துவிட்டதால் கையேடு கீழே இறக்கி வரப்பட்டது. தலைவர், அதிகாரி, குழுவின் மற்ற ஏழு பேர் எல்லோரும் புதுத் தலைக்கவசத்தோடு வேலியோரம் நின்றார்கள். கரண்ட் அண்ணன் சற்றுத் தள்ளி, ஒரு கையைப் பைக்குள் விட்டபடி நின்றார்.

"விபத்து?" என்றார் ஆய்வாளர்.

"பூஜ்யம்," என்றார் தலைவர்.

"இடர் எண்?"

"மூணு. கரும்பச்சை. நாட்டிலேயே இல்லாத ஒரு முறையை நாங்களே உருவாக்கியிருக்கோம். எங்க தொழிலாளிங்க இந்த எந்திரத்தோட கை கோத்து நடக்கறாங்கன்னே சொல்லலாம்."

ஆய்வாளர் கட்டங்களில் சரி போட்டுக்கொண்டே வந்தார். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. "நேரடி செயல்விளக்கம். யார் நடக்கறாங்க?"

"இவங்கதான்," என்று பெட்டியக்காவைக் காட்டினார் தலைவர். "முறையைக் கண்டுபிடிச்சவங்களே இவங்கதான்."

"என் சான்றிதழ் செல்லாது சார்," என்றாள் பெட்டியக்கா. "ரெண்டு மெமோ."

"அப்ப இந்தப் பொண்ணு."

"அவளுக்கும் மெமோ சார். தொப்பி."

ஆய்வாளர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். அவர் விதியை மீறி ஒரு நாளும் மூச்சுவிட்டதில்லை, இன்றைக்கும் மீறவில்லை. "முப்பத்து நாலு… செல்லாது. முப்பத்து மூணு… செல்லாது." விரல் மேலே மேலே போயிற்று. "எனக்குக் கொடுத்தது பயிற்சி அளிப்பவர் சான்றிதழ், அதுல நடக்க முடியாது. ரெண்டு… செல்லாது." பிறகு குரல் இறங்கியது. "ஒண்ணு மட்டும் செல்லும் சார்."

எல்லோரும் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்கள். படத்தில் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நல்லதாப் போச்சு," என்றார் ஆய்வாளர். "தலைவரே நடந்தா அறிக்கைக்கும் அழகு."

"தாராளமா," என்றார் தலைவர். "எந்திரத்தை நிறுத்திட்டு—"

"ஓடும்போதுதான் நடக்கணும்னு போட்டிருக்கே. எண்பத்தெட்டாம் பக்கம், புதுசா ஒட்டினது." ஆய்வாளர் கையேட்டைக் குனிந்து பார்த்தார். "கீழ உங்க கையெழுத்துதானே?"

தலைவர் கையெழுத்தைப் பார்த்தார். வேகத்தைக் கூட்டிய ஆணையிலும் அதே கையெழுத்துதான். அது கையேட்டில் இல்லை, அவர் நினைவில் இருந்தது. தலைக்கவசத்தின் வாரை ஒரு பிடி இறுக்கினார்.

பட்டையில் பெட்டிகள் வந்துகொண்டிருந்தன. ஒன்று நேர், இரண்டு நேர், மூன்றாவது கோணல்.

பெட்டியக்கா போய் வேலிக் கதவை அகலத் திறந்தாள். மாப்பிள்ளை நிற்கவில்லை. ஆய்வாளர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். அவர் எதையாவது கண்ணால் பார்த்தது அன்றைக்கு அதுதான் முதல் தடவை. கரண்ட் அண்ணன் பைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் கட்டைவிரல் அளவில் புது ஸ்விட்ச். நாத்தனார் தலைவரைப் பார்க்கவில்லை, எட்டாவது காலடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை முதுகைக் காட்டித் திரும்பினார்.

"உள்ள போங்க சார்," என்றாள் பெட்டியக்கா, விதிப்படி உரக்க. "நான் எண்ணறேன். ஒண்ணு…"